பெயரை மட்டும் சொல்லாமல்

பல் டாக்டரின் கையைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கடைவாய்ப் பல்லில் சொத்தை. நாற்காலியைச் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி அந்தப் பெண் டாக்டர் குனிந்ததுதான் தெரியும். அடுத்த நிமிடம் நான் மாடிப்படியில் நிற்கிறேன், கழுத்தில் கட்டிய நீல பேப்பர் துண்டோடு. ஒரு தடவை என்றால் பயம் என்று விட்டுவிடலாம். மறுபடி போனேன், மறுபடியும் ஓடினேன். இரண்டாம் தடவை டாக்டர் செருப்புகூடப் போடாமல் என் பின்னாலேயே இறங்கி வந்து, கொஞ்சமும் கோபப்படாமல், ஒரு கவுன்சலரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். பல்லைக் காட்ட வந்தவளை மனசைக் காட்ட அனுப்புகிறாரே இந்தம்மா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்வலி தாங்க முடியாமல்தான் கவுன்சலரிடம் போனேன்.

கவுன்சலரின் அறை புதுச்சேரியில் மிஷன் வீதிக்குக் கிழக்கே, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. மாடியில் யாரோ பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுப்பார்கள். நாங்கள் கீழே பேசிக்கொண்டிருக்கும்போது, மேலே பத்துப் பிள்ளைகள் ஒரே ராகத்தில் எதையோ ஒப்பிப்பது கேட்கும். கவுன்சலருக்கு என் வயதுதான் இருக்கும். காட்டன் சேலை, கையில் வாட்ச், முகத்தில் ஒரு அலட்டலும் இல்லை. உட்கார்ந்ததும் அழவைப்பார், நான் அழ மாட்டேன், அத்தோடு எழுந்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவரோ முதலில் எனக்கு ஒரு விதியைச் சொன்னார். இங்கே நான் பேசுவது எதுவும் இந்த அறையைத் தாண்டாது, சில விஷயங்களைத் தவிர என்றார்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். பாலிசியில் "தவிர" என்று ஒரு வார்த்தை வந்தால் அங்கேதான் விஷயமே இருக்கிறது என்பது எனக்குப் பழக்கத்தில் வந்த அறிவு. தீ விபத்துக்கு நஷ்டஈடு உண்டு, இன்னின்ன காரணம் தவிர. வண்டி திருட்டுக்கு உண்டு, சாவியை வண்டியிலேயே விட்டது தவிர. ஆகவே பல்வலியெல்லாம் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னென்ன தவிர என்று கேட்டேன். என் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால் அவர் வெளியே சொல்லியாக வேண்டுமாம். அது சரி. இன்னொன்று, குழந்தையிடம் யாராவது தப்பாக நடந்துகொண்டது தெரியவந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டுமாம். போக்சோ சட்டம் அப்படி. டாக்டர், டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும், தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவர்களுக்கே தண்டனை.

அதுவும் சரிதான் என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, வாய் சும்மா இருக்காமல், அந்தக் குழந்தை இப்போது குழந்தையே இல்லை என்றால் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பதே எனக்கு உறைத்தது. மேலே பிள்ளைகள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். கவுன்சலர் ஒன்றும் அதிரவில்லை. உள்ளங்கையை மட்டும் உயர்த்தினார், ரோட்டில் பஸ்ஸை நிறுத்துகிற டிராபிக் போலீஸ் மாதிரி.

"கொஞ்சம் நிறுத்துங்க. மேல சொல்றதுக்கு முன்னாடி இதத் தெரிஞ்சிக்கங்க," என்றார். "பேரு, ஊரு, உறவு, இது மூணும் இப்ப எனக்கு வேணாம். உங்களுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் பேசலாம். அந்த மூணையும் சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணீங்கன்னா, சொல்லப் போறேன்னு முதல்ல எங்கிட்ட சொல்லிட்டு அப்புறம் சொல்லுங்க."

இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை ஒரு அந்நியரிடம் சொல்ல வாயெடுக்கிறேன், அவர் கையைக் காட்டி நிறுத்துகிறார். நான் அவமானப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் எனக்கு அன்றைக்குத்தான் அவரைப் பிடித்தது. இவர் ஆசைப்பட்டுக் கிண்டவில்லை, கிண்டினால் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறார் என்று தோன்றியது. பாலிசி விற்கும்போது நிபந்தனையை முதலில் வாசித்துக் காட்டுகிற ஏஜென்ட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதில் தொடங்கி, நான் பெரிய பெண் ஆகும்வரை நடந்தது அது. அதற்குமேல் இங்கே விவரிக்க எனக்கு இஷ்டம் இல்லை, படிக்கிறவர்களுக்கும் அது தேவைப்படாது. அடுத்தடுத்த வாரங்களில் கவுன்சலரிடம் பேசினேன். அந்த மனிதரை "அந்த ஆள்" என்றேன். ஊரை "அங்க" என்றேன். நம்மூரில் ஒரு மனிதனைப் பற்றி உறவைச் சொல்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் சித்தப்பா, மச்சான், பங்காளி என்று ஏதாவது ஒன்று முந்திக்கொண்டு வந்து விழும். விழப்போகும்போதெல்லாம் அந்த உள்ளங்கை உயரும். நான் வாக்கியத்தை அப்படியே பாதியில் போட்டுவிட்டுச் சுற்றுவழியில் போவேன். ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

இதற்கிடையில் என் புத்தி சும்மா இருக்குமா? சட்டம் உண்மையில் என்னதான் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வளர்ந்து ஆளாகிவிட்ட ஒருத்தி, தனக்குச் சின்ன வயதில் நடந்ததைச் சொன்னால், கேட்டவர் அதைப் போலீசில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? அது என் சமாச்சாரமா, அரசாங்கத்தின் சமாச்சாரமா? எங்கள் ஆபீசுக்கு விபத்து வழக்குகளுக்காக வருகிற வக்கீல் ஒருவர் இருக்கிறார். என் சிநேகிதி ஒருத்திக்காகக் கேட்கிறேன் என்று அவரிடம் கேட்டேன். சிநேகிதி என்றதுமே அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டேன். அந்தம்மா பெரியவங்க, சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம், கவுன்சலருக்கு இதில் வேலை இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவரே போன் பண்ணினார். சட்டத்தை எடுத்துப் பார்த்தாராம். குற்றம் நடந்தது தெரிந்தால் சொல்லணும் என்றுதான் இருக்கிறதாம், பாதிக்கப்பட்டவர் இப்போது என்ன வயது என்று அதில் பிரித்துப் போடவில்லையாம். அதனால் சொல்லித்தான் ஆகணும் போலிருக்கு என்றார். சரி என்று நான் வைக்கப் போனபோது, ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே நடந்திருந்தால் கதையே வேறு என்றார். அப்புறம், கவுன்சலர் ரகசியம் காக்க வேண்டும் என்றும் இன்னொரு சட்டம் இருக்கிறது என்றார். கடைசியில், ஒரே விஷயத்தை நாலு வக்கீலிடம் கேட்காதீங்கம்மா, தூக்கம் போய்விடும் என்று புத்தி சொன்னார். எனக்குத் தூக்கம் போகவில்லை. ஆர்வம்தான் கூடிப்போனது.

அடுத்த வாரம் கவுன்சலரிடம் நேராகவே கேட்டேன். நான் பெயரைச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அவர் மழுப்பவில்லை. தனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒன்று சொல்கிறார், கூட வேலை பார்க்கிறவர்கள் வேறு சொல்கிறார்கள், தெளிவான பதில் யாரிடமும் இல்லை என்றார். முடிந்துபோன விஷயம் என்றால், என் விருப்பம் தெரியாமல் ஓடிப்போய்ச் சொல்ல அவருக்கு மனசு வராதாம். ஆனால் அந்த ஆளால் இன்றைக்கு ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அங்கே குழப்பமே இல்லை, சொல்லியே ஆகவேண்டும் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. என் கணக்கில் அந்த ஆள் எப்போதோ முடிந்துபோனவர். வயதாகிவிட்டது, முட்டி வலி, கைத்தடி. மத்தியானம் சாப்பிட்டதும் டிவி முன்னால் தூங்கிவிடுகிற ஆள்.

என் வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அம்மா மீன் வியாபாரம். விடிவதற்கு முன்னாலேயே தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் எடுத்து, பெரிய மார்க்கெட்டில் கொண்டுவந்து விற்பார். வீடு திரும்ப மத்தியானம் ஆகும். எனக்குத் தங்கை ஒருத்தி, நாலு வயது சின்னவள். அண்ணன் தம்பி கிடையாது. இன்றைக்கு நான் தனியாக இருக்கிறேன், கல்யாணம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தங்கை உழவர்கரைப் பக்கம் புருஷனோடு இருக்கிறாள். அவளுக்கு ஒரே பெண், ஐந்து வயது. நான் என்றால் உயிர், பெரிம்மா பெரிம்மா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றும் வாலு.

பிறகு ஒருநாள் கவுன்சலரின் அறைக்குப் போகும்போது நான் நல்ல மனநிலையில் இருந்தேன். பல்வலிகூட இல்லை. உட்கார்ந்ததும் ஊர்க்கதை பேசினேன். தங்கை பெண்ணுக்குக் காது குத்துகிறோம், ஆவணியில் நாள் பார்த்திருக்கிறது என்றேன். ஒரு வயதிலேயே செய்ய வேண்டியது, கொரோனா, அப்புறம் மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது என்றேன். கவுன்சலர் சிரித்துக்கொண்டே, அந்த நாளை நினைத்தால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் தொழிலே அந்தக் கேள்விதான். நான் யோசிக்கவே இல்லை. பிள்ளையை நினைத்தால் சந்தோஷம்தான், ஆனால் மடியில் வைத்துக் காது குத்தப் போவது அந்த ஆள் ஆயிற்றே, அதை நின்று பார்க்கணுமே என்று சொல்லிவிட்டேன்.

கவுன்சலரின் உள்ளங்கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பேரு இல்லை, ஊரு இல்லை, உறவு இல்லை என்று இத்தனை வாரம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைப்பது யார்? தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தாய்மாமன். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை, ஆகவே எங்கள் அம்மாவின் தம்பி. என் தாய்மாமன். பெயரை மட்டும்தான் நான் சொல்லவில்லை.

"இப்ப நீங்க சொன்னது என் காதுல விழுந்துடுச்சு," என்றார் கவுன்சலர், மெதுவாக. "விழலன்னு நான் நடிக்க முடியாது. அந்தக் குழந்தைக்கு வயசு அஞ்சு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. என் வாயைப் பிடுங்கிவிட்டீர்கள் என்றேன். நம்பி வந்தேனே என்றேன். நீங்களும் எல்லாரையும் போலத்தானே என்றேன். இன்னும் என்னென்னவோ. நான் அடங்கியதும் அவர், தான் சொல்லியாக வேண்டும், ஆனால் எனக்குத் தெரியாமல் செய்யமாட்டேன் என்றார். நாளை சாயங்காலம் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகப்போவதாகவும், நான் கூட வந்தால் என் வாயால் நான் சொல்லலாம், வராவிட்டால் தனக்குத் தெரிந்ததை மட்டும் அவர் சொல்வார் என்றும் சொன்னார். அதற்குள் யாரிடம் நான் முதலில் பேச வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பீச் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியான வெயில், கல்லெல்லாம் கொதிக்கிறது, பைத்தியக்காரி மாதிரி நான் ஒருத்தி மட்டும். கோபம் இருந்தது, ஆனால் அந்தக் கோபத்தின் நடுவில் விசித்திரமாக ஒரு கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது. இத்தனை நாளாகப் பெயர் பெயர் என்று அதையே காவல் காத்தேனே, பாப்பாவை ஏன் நினைக்கவில்லை? அந்த ஆள் முடிந்துபோனவர் என்று எனக்கு யார் சொன்னது? முட்டிவலி வந்த ஆளுக்கு மடி இருக்காதா? நான் பயந்தது எனக்காகத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக உழவர்கரைக்குப் போனேன்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். பாப்பா ஸ்கூலில். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் வீணாகப் போனது. அவள் முகத்தைப் பார்த்ததும், மாமா மடியில் பாப்பாவை உட்காரவைக்காதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றாள். சொன்னேன். கவுன்சலரிடம் எனக்கு அத்தனை வாரம் ஆன விஷயம், தங்கையிடம் பத்து வார்த்தையில் முடிந்துவிட்டது. இந்தத் தடவை நான் உறவை மறைக்கவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என்னைக் கட்டிக்கொள்வாள், அல்லது நம்ப மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கையிலிருந்த பாப்பாவின் ஸ்கூல் சட்டையைப் பிடித்தபடி கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்தாள். எங்கே போய்விட்டாள் இவள் என்று பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது, பாப்பாவை எப்போதெல்லாம் மாமா வீட்டில் அத்தையிடம் விட்டுவிட்டு வந்தாள் என்று ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொங்கலுக்கு நாங்க சினிமாவுக்குப் போனோமே, அன்னைக்கு வுட்டுட்டுப் போனேன்க்கா," என்றாள். "அத்தை கூடவேதான் இருந்தாங்க. இருந்தாங்கதான? நடுவுல கடைக்குப் போயிருப்பாங்களா?"

என் வாழ்க்கையில் நான் பார்த்த முகங்களிலேயே அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு அவள் என்மேல் பாய்ந்தாள். இத்தனை வருஷம் எங்கிட்ட ஏன் சொல்லல, என் பிள்ளையை அங்கே விடறது தெரியும்தானே உனக்கு என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். நானே சற்றுமுன் பீச் ரோட்டில் கேட்டுக்கொண்ட கேள்விதான். அன்று சாயங்காலம் பாப்பா ஸ்கூலிலிருந்து வந்ததும் அவளை மடியில் வைத்துக்கொண்டு தங்கை விளையாட்டுப்போல ஏதேதோ கேட்டாள். மாமாவை அவள் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள், தாத்தா வீட்டு நாய்க்குட்டியைப் பற்றியே பேசினாள். பிற்பாடு கவுன்சலரும் பாப்பாவிடம் பொறுமையாகப் பேசினார். பயப்படும்படி எதுவும் இல்லை என்றார். தங்கை அதை அரைமனதாகத்தான் நம்புகிறாள், இன்றைக்கும்.

மறுநாள் மத்தியானம், அம்மா மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் அவரிடம் போனோம். இதுதான் எனக்கு மலைப்பாக இருந்தது. அப்பா போனபிறகு எங்களைத் தூக்கி நிறுத்தியது மாமாதான், இதை நான் மறைக்கவில்லை. ஸ்கூலில் சேர்த்தது அவர். அம்மாவுக்கு ஏலத்தில் இடம் பிடித்துக் கொடுத்தது அவர். காலையில் அம்மா போனதும் எங்களைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். உங்க மாமா இல்லன்னா என்று ஆரம்பிக்காமல் அம்மாவுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அந்த மாமாவைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, போலீசு எதுக்கு, நம்ம பஞ்சாயத்துல வச்சிப் பேசிக்கலாம் என்றார்.

எங்கள் ஊரில் எதுவாக இருந்தாலும் முதலில் மீனவர் பஞ்சாயத்துதான். வலை அறுந்தாலும், புருஷன் பெண்டாட்டி பிரிந்தாலும், எல்லாம் கோயில் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். ஸ்டேஷனுக்குப் போவது ஊரை மீறியதாகும். அம்மா சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்களில் மாமாவும் ஒருத்தர்தானே என்று மட்டும் தங்கை கேட்டாள். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட இன்னாத்துக்குடி சொல்லல?"

"நீ யார நம்பி எங்கள வுட்டுட்டுப் போனியோ, அவரப் பத்தி உங்கிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்டோமே என்று எனக்கு வருத்தம் இல்லை. அம்மாமேல் எனக்குக் கோபம் உண்டா என்று கவுன்சலர் பின்னால் கேட்டார். உண்டு, பாசமும் உண்டு, இரண்டும் ஒன்றை ஒன்று கரைக்கவில்லை என்றேன்.

சாயங்காலம் மகளிர் காவல் நிலையத்தின் வாசலில் கவுன்சலர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நான் வராமல் இருந்திருந்தால் இந்த அம்மாள் தனியாக உள்ளே போயிருப்பார், என் நம்பிக்கையை உடைத்தவர் என்ற பெயரோடு. போகாமல் இருந்திருந்தால், நாளைக்கு ஏதாவது ஆனால் சட்டம் அவரைக் கேட்கும், அதைவிட அவர் மனசு கேட்கும். என் ரகசியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவர் தோளிலும் அத்தனை வாரம் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனோம்.

உள்ளே எஸ்.ஐ. அம்மா பொறுமையாகவே கேட்டார். இத்தனை வருஷம் கழிச்சு ஏன் என்ற கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கேட்டது வேறு. அந்த வீட்டுக்கு இப்போது எந்தெந்தப் பிள்ளைகள் வந்து போகிறார்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எனக்கே திகிலாக இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள், மாமாவின் சொந்தப் பேத்தி, டிவி பார்க்க வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தரையும் நான் இத்தனை நாளாக நினைத்துப் பார்த்ததில்லை.

வழக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. என் விஷயம் போக்சோவுக்கு முன்னால் நடந்தது, பழைய சட்டத்தில்தான் வரும் என்கிறார் ஒரு வக்கீல், அதுவும் நிற்பது கஷ்டம் என்கிறார் இன்னொருவர். எங்கள் ஆபீசுக்கு வருகிற அந்த வக்கீல், உங்க சிநேகிதி எப்படி இருக்காங்க என்று ஒருநாள் கேட்டார். நல்லா இருக்கா சார், கேஸ் போட்டுட்டா என்றேன். அவர் எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். மாமா கடலூர்ப் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார். சொந்தத்தில் பாதிப் பேர் எங்களோடு பேசுவதில்லை. துறைமுகத்தில் அம்மாவைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அம்மா அதை வீட்டில் வந்து சொல்வதில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கவுன்சலரிடம் இன்னும் போகிறேன். ஒருநாள் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு மடியைப் பற்றி நான் வாய்தவறிச் சொல்லாமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அவர், தெரியாது என்றார். அந்தத் தெரியாதோடுதான் வாராவாரம் உங்க எதிரில் உட்கார்ந்திருந்தேன் என்றார். இப்படி ஒரு பதிலைச் சொல்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கும் இன்றுவரை பதில் தெரியாது. யாராவது என் விருப்பத்தைக் கேட்காமல் போலீசுக்குப் போயிருந்தால் நான் அவர்களை மன்னித்திருக்க மாட்டேன். யாருமே போகாமல் இருந்திருந்தால் பாப்பா ஆவணியில் அந்த மடியில் உட்கார்ந்திருப்பாள். இந்த இரண்டில் எது சட்டம், எது நியாயம் என்று நான் இன்னும் ஆட்களைப் பிடித்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

காதுகுத்தலைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தோம். குலதெய்வக் கோயிலில்தான் நடந்தது. சொந்தக்காரர்கள் வருவார்களோ மாட்டார்களோ என்று பயந்துகொண்டிருந்தோம், நினைத்ததைவிட அதிகமாகவே வந்திருந்தார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருப்பார்கள். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டி பாப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். காது குத்தும் பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டே, தாய்மாமன் வந்து உட்காருங்க என்றார். யாரும் எழுந்து வரவில்லை. பத்தர் நிமிர்ந்து பார்த்து மறுபடியும் கூப்பிட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் போய் மணையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். பாப்பா ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். பொம்பளை மடியில காது குத்தறதா என்று பின்னால் யாரோ முனகினார்கள். பத்தர் என்னையும் பிள்ளையையும் ஒரு நொடி பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார்.

வலது காதில் ஊசி இறங்கியதும் பாப்பாவின் உடம்பு முழுவதும் விறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், கத்தாத கண்ணு, கத்தாத, சமத்துல்ல, முடிஞ்சுபோச்சு என்றார்கள். அம்மா குனிந்து பிள்ளையின் வாயைப் பொத்த வந்தார். பாப்பா கண்ணில் நீர் நிற்க என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"பெரிம்மா, கத்தலாமா?"

"கத்து," என்றேன். "உன்னால எவ்ளோ முடியுமோ அவ்ளோ கத்து."

அம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டேன். அம்மா அதை விடுவித்துக்கொள்ளவில்லை. பாப்பா வாயைத் திறந்து கத்தினாள், கோயிலில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.